ஆவி போகக் கூடாது

ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிய தாளில்
எட்டு மாதமாக என் பெயருக்கு நேரே
ஒரே சொல்: பாத்திரம்.
லிஜிமோள் சமைப்பாள், மரிதெஸ் சமைப்பாள்,
ஷாஹின்பானு நைட் டியூட்டி முடிந்து
பாதித் தூக்கத்திலும் சமைப்பாள்.
நான் கழுவுவேன்.

அந்த வாரம் நாலு பேருக்கும்
ஒரே ராத்திரி ஆஃப் விழுந்தது.
ஃபர்வானியாவில் அதைவிட மழை அடிக்கடி பெய்யும்.
பேனாவை எடுத்து
என் பெயருக்கு நேரே எழுதினேன்:
மட்டன் தம் பிரியாணி.
லிஜி வாசித்துவிட்டுச் சொன்னாள்,
"ஆத்யம் ஒரு முட்ட பொரிக்கு மோளே."

நாலு வீடியோ பார்த்தேன்.
நாலு விதமான தண்ணீர்க் கணக்கு.
ஒருவர் தயிர் ஊற்று என்கிறார்,
இன்னொருவருக்குத் தயிர் என்றாலே கோபம்.
பெரிய டாக்டர்கள் ரவுண்ட்ஸ் வந்த மாதிரி இருந்தது.
நானே ஒரு சார்ட் எழுதினேன்.
பெயர்: ஆட்டுக்கறி. எடை: ஒன்றரைக் கிலோ.
ஜம்மியாவிலிருந்து மாலை நாலுக்கு வரவு,
உறைந்த நிலையில்.

எண்ணெயை இருபது மில்லி சிரிஞ்சில் அளந்தேன்.
புதுசு. சத்தியமாகப் புதுசு.
பட்டை கிராம்பு ஏலத்தைக்
கட்டுப்போடும் துணியில் முடிந்தேன்.
வெங்காயம் பொன்னிறமாக என்றால்
எந்தப் பொன்?
கம்மலைக் கழற்றிப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன்.
முதல் வாணலி கம்மலைத் தாண்டிக் கறுத்தது.
அடுத்தது ஒத்துப்போனது.
அரிசி முக்கால் வேக்காடு வேண்டுமாம்.
ஒன்றை நசுக்கினேன், இன்னொன்றை,
இன்னொன்றை,
கடைசியில் எனக்குப் பாதிப் பசி அடங்கியிருந்தது.

மூடியைச் சுற்றி மைதா ஒட்டினேன்.
ஆவி போகக் கூடாது
என்று நாலு வீடியோவும் சொன்ன ஒரே விஷயம்.
வார்டில் தினமும் கேட்கிற பேச்சுதான்.
அங்கே கையில் மாவு இருப்பதில்லை.

பன்னிரண்டாவது நிமிடம்
அடுப்பு நீலமாக ஒரு விக்கல் விக்கி
அணைந்தது.
சிலிண்டரைத் தூக்கினேன். பூ மாதிரி வந்தது.
மாற்றித் தரும் கடை மூடி ஒரு மணி நேரம்.

திறக்கலாம் என்றாள் லிஜி.
திறந்தால் போச்சு என்றாள் ஷாஹின்.
மரிதெஸ் மூடியில் காதை வைத்து
இன்னும் உயிர் இருக்கு என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

லிஃப்ட்டில் யாரோ கட்டில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.
நாலு மாடி, படி வழியாக,
துண்டு சுற்றிய பானை.
"மெதுவா, தலைப்பக்கம் நீ பிடி" என்றேன் பழக்கதோஷத்தில்.
பானைக்கு ஏது தலைப்பக்கம்?
ஆனால் ஷாஹின் பிடித்தாள்.

கீழே ஹாரிஸ் ஷாபானின் அறை.
வாடகை ஐந்தாம் தேதி தாண்டினால் மட்டும்
எங்கள் பெயர் ஞாபகம் வருகிற எகிப்துக்காரர்.
எனக்குத் தெரிந்தது ஆஸ்பத்திரி அரபி:
மூச்சை இழு, கையை மடக்கு, எங்கே வலிக்கிறது.
பானையைக் காட்டி
"இங்கே வலிக்கிறது" என்றேன்.
கொதிக்கிற தேநீரை இறக்கிவிட்டு
அடுப்பிலிருந்து ஒதுங்கி நின்றார்.
தீயைக் குறைத்ததும் அவர்தான், யாரும் சொல்லாமல்.

இருபத்தைந்து நிமிடம்.
கரண்டிக் காம்பால் மாவை உடைத்தபோது
மீட்டர் பெட்டிகள் வரை மணந்தது.
அடியில் குழைவு, ஒரு பக்கம் கரி,
கறி மட்டும் விரல் பட்டதும் எலும்பை விட்டது.
அரபிப் பேப்பரை விரித்து வாசல் படியிலேயே உட்கார்ந்தோம்.
முதல் வாய்க்குப் பிறகு யாரும் பேசவில்லை.
ஷாபான் உள்ளே போய்
உப்பு டப்பாவைக் கொண்டுவந்து
நடுவில் வைத்தார்.

பதினோராவது நிமிடம் ஷாஹினின் போன்.
வார்டில் ஆள் குறைவு.
இரண்டு கை அள்ளிக் குப்பூஸில் சுருட்டிக்கொண்டு
டாக்சிக்கு ஓடினாள்,
மோதிர விரலில் ஒரு பருக்கையோடு.

சமைத்தவள் கழுவக் கூடாது என்றாள் லிஜி.
கேட்கவில்லை.
மூடியில் கல்லாகிப் போன மாவு
வெந்நீருக்கும் மசியவில்லை.
நகத்தால் சுரண்டினேன், விளிம்பு விளிம்பாக,
மணி ஒன்றே கால் வரை.
அந்த வேலை எனக்கு நன்றாக வரும்.